பட்டியலில் ஒன்பதாவது கட்டம்

அன்றைக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நடந்த பயிற்சித் திறப்பு விழாவில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மேடையில் திட்ட அலுவலர், சப்-இன்ஸ்பெக்டர், வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவியின் வீட்டுக்காரர், தலைமையாசிரியர், பயிற்சி கொடுக்க வந்த தம்பி, போட்டோக்காரர். ஏழு பேர். தலைவி வரவில்லை, அவர் பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் வீட்டுக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே நின்றுகொண்டு இரண்டு போலீஸ்காரர்கள், டீ டிரம்மோடு கடைக்காரர், அப்புறம் நான். நாலு பேர். நாற்காலி இருபது போட்டிருந்தோம். உட்கார்ந்தவர்கள் பதினோரு பேர். ஆக மொத்தம் இருபத்திரண்டு.

இவ்வளவு சரியாக எப்படிச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கே எழுதி வைத்தேன். கையெழுத்துப் போட்ட எதற்கும் ஒரு நகல், போன இடத்துக்கெல்லாம் ஒரு குறிப்பு என்று பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது என் வழக்கம். நல்ல பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பயம். நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற நினைப்பிலேயே முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்.

இப்போது எழுதக் காரணம், என் இடத்துக்கு வந்திருக்கிற புதுத் தலையாரி. இன்ஜினீயரிங் படித்த பிள்ளை. காகிதத்தில் எங்கள் வேலைக்குக் கிராம உதவியாளர் என்று பெயர்; ஊரில் தலையாரிதான். போன வாரம் போன் பண்ணினான். இளைஞர்களைத் திருத்திக் குற்றத்தைக் குறைக்கிற திட்டம் ஒன்று புதுப் பெயரில் வந்திருக்கிறதாம். பழைய பட்டியலை எப்படித் தயார் பண்ணினீர்கள் என்று கேட்டான். பண்ணின விதத்தைச் சொன்னால் போனை வைத்துவிடுவான். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாவது பாதியில் நின்றவன். அப்பா தலையாரியாக இருந்து செத்துப்போனார். அந்த வேலை எனக்கு வந்தது. தண்டோரா போட்டேன், நில அளவைக்குச் சங்கிலி இழுத்தேன், வாய்க்காலில் பிணம் ஒதுங்கினால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும் வரை காக்காய் ஓட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஆற்றில் மணல் வண்டி பிடிபட்டால் யாருடைய மாடு என்று அடையாளம் சொன்னேன். வேலை கற்றுக்கொண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் யார் எப்போது கத்துவார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது.

அந்த வருஷம் எங்கள் பக்கம் பம்புசெட் மோட்டார் நாலைந்து காணாமல் போயிற்று. மணல் வண்டி வேறு. மேலிடத்திலிருந்து வந்த பதில் இளைஞர் மேம்பாட்டுப் பயிற்சி. வழிதவறிய இளைஞர்களைக் கண்டுபிடித்து முப்பது நாள் செல்போன் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்து, நாளுக்கு நூறு ரூபாய் வீதம் மூவாயிரம் உதவித்தொகையும் கொடுத்தால் திருடமாட்டார்கள் என்று யாரோ ஏசி ரூமில் கண்டுபிடித்திருந்தார்கள்.

இதைக் கொண்டுவந்த திட்ட அலுவலரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் ஆபீஸ். நல்ல மனிதர்போலவே இருப்பார். யாரையும் அதட்டமாட்டார். என்னைப் பெரியவரே என்றுதான் கூப்பிடுவார், என்னைவிட ஏழெட்டு வயதுதான் சின்னவர். சட்டைப்பையில் தங்க நிறத்தில் ஒரு பேனா. பேசும்போது அதை எடுத்து மூடியைத் திறப்பார், மூடுவார், திறப்பார், மூடுவார். எழுதி நான் பார்த்ததே இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்கூட இன்னொருவரைப் போடச் சொல்லி, கீழே 'பார்வையிட்டேன்' என்ற ரப்பர் ஸ்டாம்பைக் குத்திவிடுவார். அப்புறம், இதைச் செய் என்று ஒருநாளும் சொல்லமாட்டார். செய்யக்கூடாதா என்று கேட்பார். கேள்விதானே கேட்டார், பின்னால் யாரும் அவரைப் பிடிக்க முடியாது. கத்துகிற அதிகாரியைக் காட்டிலும் எனக்கு இவரிடம்தான் பயம்.

ஊருக்கு இருபது பேர் வேண்டும் என்றார். ஒரு ஆள் குறைந்தாலும் அந்த ஊருக்கு வகுப்பு கிடையாது. எங்கள் ஊரில் ஸ்டேஷன் வாசலை மிதித்த பயல்களை விரல் விட்டு எண்ணினேன். மணல் வண்டி நாலு, மோட்டார் வயர் இரண்டு, காரைக்காலிலிருந்து சாராய பாட்டில் கடத்தினது ஒன்று. ஏழு.

ஏழுதாங்கய்யா இருக்கு என்றேன். அவர் பேனாவைத் திறந்தார்.

"இவ்வளவு பெரிய ஊர்ல ஏழு பேர்தான் தப்புப் பண்றாங்களா பெரியவரே? நீங்க சரியாப் பாக்கலையோ?"

அவர் போனதும் வி.ஏ.ஓ. என் பக்கம் திரும்பினார். நம்ம ஊருக்கு வகுப்பு வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று மெமோ வரும், அந்த மெமோவுக்கு நீதான் பதில் எழுதுவாய் என்றார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் குற்றவாளி போதவில்லை என்பதற்காக ஒருவன் சோறு தின்னாமல் கிடந்தான் என்றால் அது நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

படிவத்தில் பதினோரு கட்டம். பெயர், தகப்பனார் பெயர், வயது, தெரு, படிப்பு என்று போகும். ஒன்பதாவது கட்டம், 'ஈடுபட்ட தவறு'. எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் திரும்பி வந்துவிடும் என்று அடியில் அச்சடித்திருந்தது.

பதின்மூன்று பேர் பாக்கி. வீடு வீடாகப் போனேன். குற்றம் செய்தவனைத் தேடிப் போகவில்லை, மூவாயிரம் ரூபாய் தேவைப்படுகிற வீடாகப் பார்த்துப் போனேன். பயிற்சி, சர்ட்டிபிகேட், பணம் என்றதும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னைக் கும்பிட்டார்கள். ஒன்பதாவது கட்டத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஆதார் நம்பர் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து என் கையாலேயே நிரப்பினேன். ஒருவனுக்குச் சீட்டு என்று எழுதினேன், சீட்டாட்டம். ஒருவனுக்கு அடிதடி. அவன் தெரு நாயைக்கூட விரட்டமாட்டான். கற்பனை தீர்ந்துபோனதும் மீதி ஆறு பேருக்கும் மணல் என்று எழுதிவிட்டேன். பட்டியலில் ஒரு நகல் ஸ்டேஷனுக்கும் போயிற்று.

அந்த ஆறில் ஒருவன் கனகராஜ். கீழத்தெரு மல்லிகாவின் மகன். புருஷன் இல்லாமல் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் அவனை ஐ.டி.ஐ. வயர்மேன் படிக்க வைத்திருந்தாள். என்னை அண்ணே என்பாள், அவன் மாமா என்பான், ஒரே தெரு. எங்க பயலையும் சேத்து விடுங்கண்ணே, அந்தப் பணம் வந்தா பாஸ்போர்ட் எடுத்துடலாம் என்று அவளே வந்து கேட்டாள். சிங்கப்பூரில் வேலைக்கு ஒரு தூரத்துச் சொந்தம் ஏற்பாடு பண்ணுவதாகச் சொல்லியிருந்தது. பட்டியலில் பதினாலாவது பெயர் அவன்.

திறப்பு விழாவுக்கு நாற்காலி வந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பட்டியலின் முதல் பெயர், உண்மையிலேயே மணல் கேஸ் உள்ள ஆள், அவன் மாட்டு வண்டியில்தான் நாற்காலி ஏற்றி வந்தோம். இறக்கி வரிசையாகப் போட்டான். ஒவ்வொரு நாற்காலியிலும் பெயர் ஒட்டியிருந்தது. அவன் பெயர் ஒட்டிய நாற்காலியை அவனே முதல் வரிசையில் நிறுத்தி, துண்டால் ஒரு தட்டுத் தட்டினான். வாடகையை வாங்கிக்கொண்டு வண்டியை ஆற்றுப் பக்கம் ஓட்டிப் போய்விட்டான். கேஸ் உள்ள மற்ற ஆறு பேரும் வரவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது. வந்த பதினோரு பேரும் நான் எழுதின பதின்மூன்றில் உள்ளவர்கள். கேஸ் உள்ளவன் ஒருவன்கூட இல்லாத கூட்டத்தைப் பார்த்து சப்-இன்ஸ்பெக்டர் அரை மணி நேரம், இனிமேலாவது திருந்துங்கள் என்று பேசினார். பையன்கள் கைதட்டினார்கள். சொல்வது யாருக்கோ என்று நினைத்துத்தான் தட்டினார்கள்.

பயிற்சி முப்பது நாள். முதல் எட்டு நாள் ஆளுமை வளர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் எதிர்காலத்தைப் பாருங்கள் என்பான் பயிற்சி கொடுக்க வந்த தம்பி. நடவு சீசன், விடியற்காலையில் நாற்றுப் பறித்துவிட்டு வந்த பிள்ளைகள் கண்ணை மூடினால் என்ன ஆகும்? தூங்கினார்கள். ஒன்பதாம் நாள் பழுது பார்க்கச் செல்போன் வந்தது. பதினோரு பேருக்கு ஒரு போன், அதுவும் பேட்டரி இல்லாதது. நடுவில் தம்பியின் சொந்தப் போன் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட, கனகராஜ்தான் பிரித்துச் சரி பண்ணிக் கொடுத்தான். மிச்ச நாட்களில் தம்பி அவனைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிவிட்டு வாசலில் நின்று போன் பேசினான். பதினோரு பேரும் ஒரு நாள் விடாமல் வந்து கையெழுத்துப் போட்டார்கள். வராத ஒன்பது பேருக்கு யார் கையெழுத்துப் போட்டது என்று என்னைக் கேட்காதீர்கள். டின்னில் இருக்கிறது.

கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். உதவித்தொகை ஒதுக்கீடு வந்ததும் வரும் என்றார்கள். மறு வருஷம் திட்ட அலுவலருக்குக் கேடயம் கிடைத்தது. எங்கள் ஊரில் குற்றம் குறைந்துவிட்டதாம். குறையாமல் என்ன? பட்டியலில் பதின்மூன்று பேர் பயிற்சிக்கு முன்னாலும் திருடவில்லை, பின்னாலும் திருடவில்லை. அதைத்தான் திருந்தியது என்று எழுதினார்கள். மணல் வண்டி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இதோடு போயிருந்தால் வழக்கமான கூத்து என்று மறந்திருப்பேன்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. ஒருநாள் காலையில் மல்லிகா சேற்றுக் காலோடு என் வீட்டு வாசலில் நின்றாள். கனகராஜ் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான், கடன் வாங்கிக் கட்டி. விசாரிக்க வந்த போலீஸ்காரர் வீட்டைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், அப்புறம் உன் பேர் ஸ்டேஷன் லிஸ்ட்டில் இருக்கிறதே, மணல் கேஸ் என்று, நான் எப்படி நல்லபடியாக எழுதுவது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். மாசக் கடைசிக்குள் பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"எம்புள்ள ஆத்துப்பக்கமே போனதில்லையேண்ணே. எந்தப் பாவி எழுதுனானோ."

நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நான் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஸ்டேஷனுக்குப் போனேன். அதே சப்-இன்ஸ்பெக்டர். சுற்றிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. நேராகவே, அந்தப் பையன் மேல் எதுவும் கிடையாதுங்கய்யா, இடம் காலியாக இருக்கக்கூடாது என்று நானாகப் பொய்யாக எழுதினதுங்கய்யா என்றேன். அவர் டீயை உறிஞ்சி முடித்தார். கோபப்படவில்லை.

"எழுதிக் குடுய்யா. ஆனா பதிமூணு பேருக்கும் சேத்து எழுது. ஒருத்தனுக்கு மட்டும் பொய்னா மத்தவனுக்கெல்லாம் நெசம்னு ஆயிடும். எழுதினியன்னா உனக்குப் பதினேழு பி. திட்ட அலுவலருக்குக் கேடயம் போச்சு. குற்றம் குறைஞ்சுதுன்னு நான் சொன்ன கணக்கும் போச்சு. யோசிச்சுக்க."

பதினேழு பி என்பது எங்கள் உத்தியோகத்தில் குற்றச்சாட்டு மெமோ. அது நிலுவையில் இருந்தால் ஓய்வு பெற விடமாட்டார்கள், வர வேண்டிய சொற்பப் பணமும் நிற்கும். நான் யோசித்தேன். யோசிப்பதில் எனக்கு நிகர் கிடையாது. மறுநாள் விடிந்ததும் தஞ்சாவூர் பஸ் ஏறினேன்.

திட்ட அலுவலர் உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். கேடயம் மேசைக்குப் பின்னால் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம்.

"திருந்தினவர்னு நாம சான்றிதழே கொடுத்திருக்கோமே. அதைக் காட்டலாமே?"

"தப்பே பண்ணலீங்கய்யா. திருந்துறதுக்கு என்ன இருக்கு?"

"தப்பே பண்ணாதவருக்கு எதுக்குங்க உதவித்தொகை?"

"அதையும் இன்னும் குடுக்கலீங்களேய்யா."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "அதே பேர்ல உங்க ஊர்ல இன்னொருத்தர் இருக்கக்கூடாதா பெரியவரே?" என்றார்.

இருக்கக்கூடாதா என்றுதான் கேட்டார். இருக்கிறார் என்று எழுதச் சொல்லவில்லை. வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும், நீங்களே எழுதிவிடுங்கள் என்றார். தாள் அவருடையது, பேனா என்னுடையது.

எழுதினேன். பட்டியலில் பதினாலாவதாக உள்ள கனகராஜ் மேலத்தெருவைச் சேர்ந்தவர், தற்சமயம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார். தகப்பனார் பெயரையும் ஆதார் நம்பரையும் நான் கவனக்குறைவால் கீழத்தெரு கனகராஜுடையதாக எழுதிவிட்டேன். கவனக்குறைவுக்குப் பதினேழு பி கிடையாது, எச்சரிக்கைதான். அந்தக் கணக்கைப் பஸ்ஸிலேயே போட்டு வைத்திருந்தேன் என்றால் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அவர் வாங்கிப் படித்துவிட்டு 'பார்வையிட்டேன்' குத்தினார்.

சப்-இன்ஸ்பெக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இது போதாது, பையனும் ஒன்று எழுதித் தரட்டும் என்றார். அப்படி ஒரு பயிற்சிக்கு நான் போனதே இல்லை என்று. கனகராஜ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"முப்பது நாளும் கையெழுத்துப் போட்டது யாரு மாமா?"

"மேலத்தெரு கனகராஜ்."

"நல்லா ரிப்பேர் பண்ணுவானாமே."

அவன் எழுதி முடித்தான், மடித்துக் கொடுத்தான். வாசலுக்கு வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒம்போதாம் கட்டத்துல இருக்கறது உங்க எழுத்துன்னு அன்னைக்கே தெரியும் மாமா. போலீஸ்காரர் லிஸ்ட்டைக் காட்டினாரு. அம்மாகிட்ட சொல்லல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். எந்தப் பாவி என்று அவள் கேட்டபோது, அவனுக்கு அந்தப் பாவியைத் தெரிந்திருக்கிறது.

பாஸ்போர்ட் வந்தது. மாசக் கடைசிக்கு நாலு நாள் முன்னால் திருச்சியில் விமானம் ஏறினான்.

அவன் போய் இரண்டு மாதத்தில் பக்கத்து ஊரில் மோட்டார் திருட்டு. ஸ்டேஷனில் பட்டியலை எடுத்தார்கள். நான் எழுதின பதின்மூன்றில் அவன் போக மீதிப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மரத்தடியில் உட்கார வைத்தார்கள். தெரு நாயை விரட்டாத அந்த அடிதடிப் பையன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஆள் அடையாளம் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். சொன்னேன். இன்னார் இன்னாருடைய மகன் என்று சொன்னேனே தவிர, இவர்கள் மேல் எழுதினதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் பாக்கி இருந்தது எனக்கு. திருடினது வெளி மாவட்டத்துக் கும்பல் என்று பின்னால் தெரிந்தது. பட்டியலிலிருந்து யார் பெயரையும் அடிக்கவில்லை.

ஓய்வு பெற்ற மறு மாதம், பன்னிரண்டு பேருக்கும் நான் எழுதினது பொய் என்று எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இனி என்னிடம் பிடுங்க ஒன்றுமில்லை என்றதும் வருகிற வீரம். வேறு சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். அதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது பெரியவரே, இங்கே ஒன்றும் பண்ண முடியாது என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டின்னில் இருக்கிறது.

மேலத்தெரு கனகராஜ் நன்றாக இருக்கிறார். இல்லாத ஆளுக்கு என்ன குறை? தற்போதைய நிலை என்ன என்று திட்ட ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தபோது, பனியன் கம்பெனியில் ஒழுக்கமாக வேலை பார்க்கிறார் என்று நானே எழுதினேன். அதைத் திட்ட அலுவலர் தன் ஆபீஸ் புத்தகத்தில் சாதனை இளைஞர் என்று வழவழப்புத் தாளில் போட்டுவிட்டார். போட்டோவும் உண்டு. திறப்பு விழாவில் எடுத்தது, யாரோ ஒருவனின் முதுகு.

புதுத் தலையாரிக்கு இப்போது காகிதம்கூட இல்லையாம். செல்போனிலேயே ஆப். தவறு என்கிற இடத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம். தொட்டால் வரிசையாக வருகிறது, மணல், மது, சீட்டு, அடிதடி. ஒன்றுமில்லை என்பது மட்டும் அதில் இல்லை. எங்களுக்காவது கற்பனை பண்ணுகிற சிரமம் இருந்தது. ஏழு பேர் இருந்தால் ஏழு என்று எழுதிவிட்டு வருகிற மெமோவை வாங்கிக்கொள் என்று அவனிடம் சொன்னேன். நான் செய்யாததைச் சொல்கிறேன் என்பது அவனுக்கும் தெரியும்.

மல்லிகா பொங்கலுக்குப் பொங்கல் கேட்கிறாள், அந்தப் பணம் எப்பண்ணே வரும் என்று. பயிற்சிக்குப் போயிருந்தேன் என்று சொல்லிக் கேட்க அவள் மகனுக்கு வழியில்லை. போகவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். ஒதுக்கீடு வந்தாலும் அது மேலத்தெருக்காரனுக்குத்தான். ஒரு தடவை என் பென்ஷனிலிருந்து எடுத்து நீட்டினேன். உங்க காசு எதுக்குண்ணே, எம்புள்ள ஒக்காந்து சம்பாரிச்சது வரட்டும் என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் பதினோரு பேர். ஆளுக்கு முப்பது நாள், நாளுக்கு நூறு. பத்துப் பேருக்கு முப்பதாயிரம், இல்லாத ஒருவனுக்கு மூவாயிரம். பாக்கி முப்பத்து மூவாயிரம் ரூபாய்.